ஓட்டு கிடையாது, ஆனால் தொகுதி உண்டு: அமெரிக்காவுக்குப் புதிதாக வந்திருப்பவர்களுக்கு

நவம்பர் நெருங்கினால் போதும், புதிதாக வந்தவர்களிடமிருந்து தேர்தல் பற்றிக் கேள்விகள் குவிகின்றன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதுவதற்குப் பதில் இங்கே மொத்தமாகச் சொல்லிவிடுகிறேன். விசாவையே கெடுக்கக்கூடிய விஷயம் முதலில், மற்றதெல்லாம் பிறகு.

டிரைவிங் லைசென்ஸ் எடுக்க டிஎம்வி போவீர்கள். படிவத்தின் நடுவிலோ கவுன்டர் திரையிலோ “வாக்காளராகப் பதிவு செய்ய விருப்பமா?” என்று ஒரு கேள்வி வரலாம். 1993-ல் வந்த சட்டப்படி பெரும்பாலான மாநிலங்களில் லைசென்ஸ் அலுவலகமே வாக்காளர் பதிவையும் செய்கிறது. கவுன்டரில் இருப்பவர் வரிசையில் நிற்கும் எல்லோரிடமும் கேட்கும் வேகத்தில் உங்களிடமும் கேட்டுவிடுவார். “வேண்டாம்” என்று சொல்லுங்கள். எச்-1பி வேலை விசா, எஃப்-1 மாணவர் விசாவில் இருப்பவர் மட்டுமல்ல, கிரீன் கார்டு வைத்திருப்பவரும் அப்படித்தான் சொல்ல வேண்டும். அவசரத்தில் டிக் அடித்துவிட்டேன் என்று பின்னால் சொன்னால் எடுபடுவது கடினம். பல வருடம் கழித்துக் குடியுரிமைக்காக நிரப்பும் என்-400 படிவத்தில், எப்போதாவது வாக்காளராகப் பதிவு செய்தீர்களா, ஓட்டுப் போட்டீர்களா என்று நேரடியாகவே கேட்கிறார்கள். குடிமகன் என்று பொய்யாகச் சொன்னதாக ஆகிவிட்டால் நாடு கடத்தும் வரைக்கும் போகலாம். ஜூரி பணிக்கு அழைப்புக் கடிதம் வந்தாலும் பயப்பட வேண்டாம், குப்பையிலும் போட வேண்டாம். “குடிமகன் இல்லை” என்ற கட்டத்தைக் குறித்துத் திருப்பி அனுப்புங்கள், போதும்.

பணமும் அதே கதைதான். விசாவில் இருப்பவர் எந்த வேட்பாளருக்கும் ஒரு டாலர்கூடத் தரக் கூடாது. அதிபர் தேர்தலோ நகராட்சித் தேர்தலோ, எல்லாவற்றுக்கும் இதே விதி. கிரீன் கார்டு இருந்தால் தரலாம். “நள்ளிரவுக்குள் 5 டாலர்” என்று கெஞ்சும் குறுஞ்செய்திகள் உங்கள் போனுக்கு வரத்தான் செய்யும், உங்கள் விசா என்னவென்று அதை அனுப்புகிறவர்களுக்குத் தெரியாது. சம்பளம் வாங்காமல் தொண்டராக வேலை செய்ய மட்டும் தடை இல்லை.

அடுத்த குழப்பம், இங்கே தேர்தலை நடத்துவது யார் என்பது. நம் ஊர்த் தேர்தல் ஆணையம் மாதிரி ஒன்று இங்கே கிடையாது. ஒரு டி.என்.சேஷன் தோன்ற இந்த அமைப்பில் வழியே இல்லை. எஃப்இசி என்ற மத்திய ஆணையம் பார்ப்பது பிரசாரப் பணத்தை மட்டும். ஆறு இடங்கள் கொண்ட அதில் ஒரே கட்சிக்காரர்கள் மூன்று பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்பதால், மூன்றுக்கு மூன்று என்று முட்டிக்கொண்டு நிற்பது சாதாரணம். வாக்காளர் பட்டியல், பூத், எண்ணிக்கை எல்லாம் மாநிலச் சட்டப்படி கவுன்டி (நம் மாவட்டம் மாதிரி) அளவில் நடக்கிறது. அதனால்தான் கலிஃபோர்னியாவில் இருக்கும் உங்கள் அத்தை மகனுக்கு வாக்குச்சீட்டு தபாலில் வீட்டுக்கே வருகிறது, டெக்சாஸில் இருக்கும் நண்பர் புகைப்பட அடையாள அட்டையோடு வரிசையில் நிற்கிறார். விரலில் மையும் கிடையாது. அன்றிரவு வெற்றியை “அறிவிப்பது”கூட அரசு இல்லை, ஏபி செய்தி நிறுவனமும் டிவி சேனல்களும்தான். அதிகாரப்பூர்வச் சான்று பிறகு, மெதுவாக வரும். 2000-ல் ஃப்ளோரிடாவின் 537 ஓட்டு வித்தியாசம் நாட்டின் அதிபரைத் தீர்மானித்தபோது, மறு எண்ணிக்கையில் ஒவ்வொரு கவுன்டியும் வாக்குச்சீட்டை வெவ்வேறு விதமாக எண்ணியதே உச்ச நீதிமன்றம் வரை போன வழக்கின் மையமாக இருந்தது.

கட்சிகளைப் பற்றிப் பேசும்போது நம் ஊர்க் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிடுங்கள். இங்கே “சீட் கொடுக்க” தலைமைக்கு அதிகாரம் இல்லை. பிரைமரி என்ற முதல் சுற்றில் மக்களே வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். 2014-ல் குடியரசுக் கட்சியின் அவைப் பெரும்பான்மைத் தலைவர் எரிக் கேன்டர், வெளியே யாருக்கும் பெயர் தெரியாத ஒரு பொருளாதாரப் பேராசிரியரிடம் பிரைமரியில் தோற்றார். 2018-ல் ஜனநாயகக் கட்சியின் மூத்த தலைவர் ஜோ க்ரௌலியை 28 வயது அலெக்ஸாண்ட்ரியா ஒகாசியோ-கோர்ட்டெஸ் வீழ்த்தினார். பொதுத்தேர்தலில் ஒரே கட்சி ஜெயிக்கும் தொகுதிகள்தான் அதிகம், அங்கே உண்மையான போட்டியே பிரைமரியோடு முடிந்துவிடுகிறது. ஜெயித்து வந்த பிறகும் கட்சித் தாவல் தடைச் சட்டம் கிடையாது, கொறடா கண்ணை உருட்டினால் பதவி போகாது. 2017-ல் ஜான் மெக்கெய்ன் தன் சொந்தக் கட்சியின் மருத்துவக் காப்பீட்டு மசோதாவைக் கட்டை விரலைக் கீழே காட்டிக் கவிழ்த்துவிட்டுப் போனார். நம் ஊரில் என்றால் மறுநாளே தகுதி நீக்க மனு தயாராகியிருக்கும்.

இதைத் தெரிந்துகொள்ளாமல் கேட்கிற கேள்விதான், “அந்தக் கட்சி வந்தால் நமக்கு கிரீன் கார்டு சீக்கிரம் வருமா?” என்பது. நடந்ததைப் பாருங்கள். வேலைவாய்ப்பு கிரீன் கார்டில் ஒரு நாட்டுக்கு 7 சதவீதம் என்ற உச்சவரம்பை நீக்கும் மசோதா 2019 ஜூலையில் கீழவையில் 365-65 என்று, இரண்டு கட்சி ஆதரவோடும் நிறைவேறியது. இமிக்ரேஷன் வாய்ஸ் போன்ற அமைப்புகளில் சேர்ந்த நம்மவர்கள் வாஷிங்டனுக்குப் போய் அலுவலகம் அலுவலகமாகக் கதவைத் தட்டியதற்கு அதில் பெரிய பங்கு உண்டு. மேலவையில் அதை விவாதம் இல்லாமல் ஒருமனதாக நிறைவேற்றப் பார்த்தார்கள். ஒருமனது என்றால் நூறு பேரில் ஒருவர் எதிர்த்தாலும் நின்றுவிடும். குடியரசுக் கட்சியின் ரேண்ட் பால் நர்ஸ்களுக்குத் தனி ஒதுக்கீடு கேட்டார். ஜனநாயகக் கட்சியின் டிக் டர்பின், மொத்த கிரீன் கார்டு எண்ணிக்கையை உயர்த்தாமல் இந்தியர் வரிசையை மட்டும் நகர்த்தினால் மற்ற நாட்டவர் பின்னால் தள்ளப்படுவார்கள் என்று மறுத்தார். ஒவ்வொருவராகச் சமாதானம் செய்து, திருத்தம் மேல் திருத்தம் சேர்த்து 2020 டிசம்பரில் மேலவை நிறைவேற்றியது. ஆனால் இரண்டு அவைகளின் வடிவமும் ஒன்றாகவில்லை. ஜனவரியில் அந்தக் காங்கிரஸின் (இங்குள்ள நாடாளுமன்றத்தின் பெயர்) காலமும் முடிந்தது, மசோதாவும் காலாவதியானது. இதில் எந்தக் கட்சியைத் திட்டுவீர்கள்?

இப்படிக் கதவு தட்டுவதற்குப் பெயர்தான் லாபியிங். நம் ஊர் புரோக்கர் வேலை என்று நினைத்துவிடாதீர்கள். சம்பளத்துக்குச் செய்கிறவர்கள் பதிவு செய்து, எந்தெந்த மசோதாக்களுக்காக வேலை செய்தார்கள், மொத்தம் எவ்வளவு பணம் என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்குக் காட்ட வேண்டும், அதை இணையத்தில் யார் வேண்டுமானாலும் படிக்கலாம். எனக்கு உறுத்துவது சூப்பர் பேக் எனும் தேர்தல் நிதிக் குழுக்கள். 2010-ல் வந்த நீதிமன்றத் தீர்ப்புகளுக்குப் பிறகு, இவை வேட்பாளரோடு கலந்து பேசாதவரை வரம்பே இல்லாமல் வசூலித்து, வரம்பே இல்லாமல் செலவழிக்கலாம். கலந்து பேசாமல்தான் செய்கிறார்கள் என்பதை நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம்.

இனி உங்களுக்கு உண்மையில் பயன்படக்கூடியது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் விசாக்காரரும் சேர்த்தே எண்ணப்படுகிறார், தொகுதிகள் அந்த எண்ணிக்கையை வைத்தே பிரிக்கப்படுகின்றன. ஆகவே உங்கள் காங்கிரஸ் உறுப்பினர் உங்களுக்கும் உறுப்பினர்தான். யுஎஸ்சிஐஎஸ் எனும் குடியேற்றத் துறையில் உங்கள் மனு அவர்களே போட்டிருக்கும் கால அளவைத் தாண்டிக் கிடக்கிறது, இங்கே பிறந்த பிள்ளையின் அமெரிக்க பாஸ்போர்ட்டோ வரி ரீஃபண்டோ எங்கோ மாட்டிக்கொண்டது என்றால், அந்த உறுப்பினரின் இணையதளத்தில் மத்திய அலுவலகங்கள் தொடர்பான உதவிக்கு ஒரு பக்கம் இருக்கும். உங்கள் விவரங்களைப் பார்க்க அனுமதி தரும் படிவத்தில் கையெழுத்திட்டு, ரசீது எண்ணைச் சேர்த்து அனுப்புங்கள். முகவரி அந்தத் தொகுதிக்குள் இருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பார்கள். எம்.எல்.ஏ. சிபாரிசுக் கடிதம் மாதிரி வரிசையைத் தாண்டவைக்க அவர்களால் முடியாது. கேட்பாரற்றுக் கிடக்கும் கோப்பை ஒருவர் எடுத்துப் பார்த்துப் பதில் எழுதும்படி செய்ய முடியும்.

டிவியில் அதிபரைப் பற்றி இரவெல்லாம் கத்துகிறார்களே தவிர, உங்கள் பாக்கெட்டைத் தொடுவது அதே வாக்குச்சீட்டின் அடியில் இருக்கும் உள்ளூர்ச் சமாசாரங்கள். பிள்ளையின் பள்ளி எல்லையை மாற்றுவது பள்ளி வாரியம். அதன் கூட்டத்தில் குடியிருப்பவர் யாரும் பெயர் கொடுத்து இரண்டு மூன்று நிமிடம் பேசலாம், பெரும்பாலும் குடியுரிமை கேட்க மாட்டார்கள். கலிஃபோர்னியாவில் வீடு வாங்கப் போகிறவர் பக்கத்து வீட்டுப் பெரியவர் கட்டும் சொத்து வரியைக் கேட்டால் மயங்கி விழுவார். 1978-ல் மக்கள் நேரடியாக ஓட்டுப் போட்டு நிறைவேற்றிய 13-ஆம் முன்மொழிவுப்படி, வாங்கியபோது இருந்த விலைதான் வரிக்கு அடிப்படை, அந்த மதிப்பை ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏற்ற முடியாது. அதே அளவு வீட்டுக்கு நீங்கள் அவரைப் போல ஐந்தாறு மடங்கு கட்டுவது அதனால்தான்.

ஊடகத்தைப் பற்றிச் சுருக்கமாக. நம் ஊரில் ஆளுக்கொரு கட்சி, கட்சிக்கொரு சேனல். இங்கே கட்சிகள் சேனல் நடத்துவதில்லை, ஆனாலும் சாய்வு உண்டு. ஃபாக்ஸ் நியூஸில் செய்தி நேரம் வேறு, இரவில் வரும் கருத்து நிகழ்ச்சி வேறு, மற்ற சேனல்களிலும் அப்படியே. 2020 தேர்தலைப் பற்றி ஒளிபரப்பிய பொய்களுக்காக வாக்கு இயந்திர நிறுவனமான டொமினியனுக்கு ஃபாக்ஸ் 2023-ல் 78.75 கோடி டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது. தேர்தல் விளம்பரங்களின் தொடக்கத்தையும் முடிவையும் கவனியுங்கள். “இந்தச் செய்தி என் ஒப்புதலோடு” என்று வேட்பாளர் குரல் வந்தால் அது அவருடையது. அது இல்லாமல் பொடி எழுத்தில் ஏதோ ஒரு தேசபக்தப் பெயர் ஓடினால் வெளியார் பணம். வேட்பாளரின் விளம்பரத்தில் பொய் இருந்தாலும் சாதாரண ஒளிபரப்பு நிலையங்கள் அதை வெட்டக் கூடாது என்பது சட்டம், எனவே “டிவியிலேயே வந்தது” என்று வாட்ஸாப்பில் வாதாடாதீர்கள். நீங்கள் எழுதுவதிலும் ஒரு கண் இருக்கட்டும். 2019 முதல் விசா விண்ணப்பத்தில் ஐந்து வருடச் சமூக ஊடகக் கணக்குகளைக் கேட்கிறார்கள்.

ஊரில் உள்ள ஓட்டு என்ன ஆகும் என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். இந்திய பாஸ்போர்ட் இருக்கும்வரை 6ஏ படிவத்தில் வெளிநாடு வாழ் வாக்காளராகப் பதியலாம். தபால் ஓட்டு கிடையாது, அசல் பாஸ்போர்ட்டோடு சொந்தத் தொகுதி பூத்துக்கு நேரில் போக வேண்டும். அமெரிக்கக் குடியுரிமை வாங்கிய பிறகு ஓசிஐ (இந்திய வம்சாவளியினருக்கான) அட்டை கையில் இருந்தாலும் அந்த ஓட்டு இல்லை.