பதில்: அக்குவாபோரினுக்குத் தமிழ்: நீர்க்கால்வாயா, நீர்ப்பீலியா, நீர்ப்புழையா?

அன்பின் கலைச்சொற் குழுவினருக்கு வணக்கம்.

நமது மின்னஞ்சல் இழை இரண்டாகக் கிளைத்துவிட்டது. பாதிப் பேர் பிரசாரணம் (osmosis, மென்சவ்வினூடாக நீர் பரவுவது) என்ற இலங்கைச் சொல்லோடு மல்லுக்கட்டுகிறோம், மீதிப் பேர் கல மென்சவ்வில் நீருக்கு வழிவிடும் புரதமான அக்குவாபோரினுக்குத் தமிழ் தேடுவதோடு. இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டினால் இரண்டுமே முடியாது. இலங்கை மலையகத்தில், அட்டன் பக்கத்தில் உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பிப்பவன் என்ற முறையில் எனக்குப் பட்டதைச் சொல்கிறேன்.

பிரசாரணத்தைத் தூக்கிவிட்டுத் தமிழ்நாட்டின் சவ்வூடு பரவலை எல்லோரும் எடுத்துக்கொள்வோம் என்று கோவை ஐயா எழுதியிருந்தார். பிரசாரணம் என்றதும் பிள்ளைகளுக்குத் தேர்தல் காலத்து ஒலிபெருக்கிதான் ஞாபகம் வரும், மறுக்கவில்லை. ஆனால் ஒட்சிசனும் மென்சவ்வினூடாகத்தான் பரவுகிறது, காபனீரொட்சைட்டும் அப்படியே. அவற்றை யாரும் பிரசாரணம் என்று சொல்வதில்லை. சவ்வூடு பரவல் என்ற தொடருக்குள் நீரே இல்லை, ஐயா. அதனால்தான் அதைப் படித்த பிள்ளை குளுக்கோசையும் அதே கூடைக்குள் போட்டுவிடுகிறது. பிரசாரணம் புரியாத சொல்தான். புரியாததாலேயே வரைவிலக்கணத்தைப் படிக்க வைக்கிறது. இதைவிடப் பெரிய குழி அழுத்தம். உங்கள் அழுத்தம் (pressure) எங்களுக்கு அமுக்கம். எங்கள் நீரழுத்தம் (water potential, நீர் எந்தப் பக்கம் போகும் என்பதைச் சொல்லும் அளவு) உங்களுக்கு நீரியல் திறன். வளிமண்டல அமுக்கத்தில் தூய நீரின் நீரழுத்தம் பூச்சியம், கரையம் (கரைந்த பொருள்) சேரச் சேர அது பூச்சியத்துக்குக் கீழே மறைப் பெறுமானமாக இறங்கும் என்று நான் எழுதினால், குழாயில் தண்ணீர் வரும் வேகத்தை நினைத்துக்கொண்டு சென்னையில் ஒருவர் தலையைச் சொறிவார். ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் அரசகரும மொழித் திணைக்களம் போட்ட சொற்றொகுதிகளின் வழியாக இங்கே ஊன்றிப்போன சொற்கள் இவை. ஒரு மின்னஞ்சலுக்கு அசையமாட்டா. தனி இழை தொடங்குங்கள், வருகிறேன்.

அக்குவாபோரின் அப்படியில்லை. அதற்கு இன்னும் யார் வாயிலும் தமிழ் ஊறவில்லை. இந்த இழையிலேயே அக்குவாபோரின், அக்வாபோரின், எக்குவாபோரின் என்று ஆளுக்கு ஒரு விதமாக எழுதிக்கொண்டிருக்கிறோம். இப்போது ஒரு நல்ல சொல் வைத்தால் நிற்கும்.

ஆனால் பொருளைச் சரியாகப் பார்த்துவிட்டுப் பெயருக்குப் போவோம். இங்கே வந்த முன்மொழிவுகளில் சில பெயரிலிருந்து பொருளுக்குப் போனவை.

கல மென்சவ்வின் நடுப்பகுதி கொழுப்பமில வால்களால் ஆனது, நீரோடு ஒட்டாதது. அப்படியிருந்தும் நீர் மூலக்கூறு மிகச் சிறியது என்பதால் மென்சவ்வின் இரட்டைக் கொழுப்புப் படையான பொஸ்போலிப்பிட்டு இருபடையினூடாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து போகும். பழைய புத்தகங்கள் அந்த அளவில் நிறுத்திக்கொண்டன. ஆனால் செங்குழியத்தை (சிவப்பு இரத்தக் கலத்தை) ஐதான, அதாவது செறிவு குறைந்த, கரைசலில் போட்டால் அது உப்பி வெடிக்கும் வேகத்துக்கு இந்தக் கசிவு போதாது. இரசச் சேர்வைகள் அந்த வேகத்தைக் குறைத்துவிடும் என்பதும் தெரிந்திருந்தது. இரசம் போய் ஒட்டிக்கொள்ள அங்கே ஏதோ ஒரு புரதம் இருக்கவேண்டும் என்ற சந்தேகம் நெடுநாளாகவே இருந்தது.

அமெரிக்க ஆய்வாளர் பீட்டர் ஏகரின் ஆய்வுகூடத்தில் இரத்த வகையோடு தொடர்புடைய றீசஸ் காரணியைத் தேடிக்கொண்டிருந்தபோது செங்குழிய மென்சவ்வில் யாருக்கும் தெரியாத ஒரு புரதம் கையில் மாட்டியது. அதற்கான ஆர்.என்.ஏயை ஆபிரிக்கத் தவளை ஒன்றின் முட்டைக் கலத்துக்குள் செலுத்தி, ஐதான கரைசலில் விட்டுப் பார்த்தார்கள். தவளை முட்டை குட்டைத் தண்ணீரில் கிடந்தும் உப்பாத பண்டம். இவையோ சில நிமிடங்களில் உப்பி வெடித்தன. 1992இல் அந்த முடிவு வெளிவந்தது. அந்தப் புரதம்தான் அக்குவாபோரின். 2003இல் ஏகருக்கு இரசாயனவியலுக்கான நோபல் பரிசு, பொற்றாசியம் அயன் போகும் வழியின் கட்டமைப்பைக் கண்ட ரொட்ரிக் மக்கினனோடு பகிர்ந்து.

இப்போது நமக்கு வேண்டிய இயல்புகள். ஒரு புரதத்தினூடாகச் செக்கனுக்கு ஏறத்தாழ 300 கோடி நீர் மூலக்கூறுகள் போகின்றன, ஒற்றை வரிசையில். மிக ஒடுங்கிய இடத்தின் விட்டம் 0.3 நனோமீற்றருக்குச் சற்றுக் குறைவு, ஏறக்குறைய ஒரு நீர் மூலக்கூறின் அகலம். இவ்வளவு நீரை விடுகிற இதே வழி புரோத்தனை (ஐதரசன் அயனை) விடாது. விட்டால் மென்சவ்வுக்கு இருபுறமும் கலம் பாடுபட்டுப் பேணும் புரோத்தன் படித்திறன் (செறிவு வேறுபாடு) குலைந்துபோகும். அப்புறம், இது எதையும் தள்ளுவதில்லை. 3 சோடியம் அயனை வெளியே அனுப்பி 2 பொற்றாசியம் அயனை உள்ளே எடுக்கும் பம்பி, கலத்தின் சக்தி மூலக்கூறான ஏ.டி.பி.யைச் செலவழிக்கும், இதற்கு அந்தச் செலவு கிடையாது. நீரழுத்தம் எந்தப் பக்கம் குறைவோ அந்தப் பக்கம் நீர் போகும். பக்கம் மாறினால் திசையும் மாறும்.

ஆகவே ஒடுக்கம், தெரிவு, இருதிசை. இந்த மூன்றில் எதையும் மறுக்காத சொல் வேண்டும். மூன்றையும் சொல்லத் தேவையில்லை.

முன்மொழிவுகளில் நீர்த்துளை இதில் முதலிலேயே விழுந்துவிடுகிறது. துளை என்றால் அதனூடாக எதுவும் போகும் என்ற எண்ணம் வரும். எங்கள் இலைவாயைத் (stoma) தமிழ்நாட்டில் இலைத்துளை என்கிறார்கள், அந்தக் குழப்பம் வேறு. எல்லாவற்றையும்விட, விடைத்தாள் திருத்துகிறவர்களை நினைத்துப் பாருங்கள். அவசரக் கையெழுத்தில் நீர்த்துளையும் நீர்த்துளியும் எவ்வளவு தூரம்?

நீர்க்கால்வாய் வலுவானது. கால்வாய்ப் புரதம் (channel protein) என்ற சொல் ஏற்கனவே புழக்கத்தில் உண்டு, அதில் ஒரு வகை என்று உறவும் தெரியும். ஆனால் ஊரில் உள்ள கால்வாய் எல்லாமே நீர்க்கால்வாய்தானே? வறட்சியில் செடியின் நீர்க்கால்வாய்கள் மூடிக்கொள்ளக்கூடும் என்று தேயிலை பற்றிய கட்டுரையில் ஒரு வரி வந்தால், வாசிப்பவர் நீர்ப்பாசனத் திணைக்களத்துக்குத் தொலைபேசி எடுப்பார். கால்வாய்ப் புரதம் வகுப்பின் பெயராக அப்படியே இருக்கட்டும். இந்த ஒன்றுக்குத் தனிப் பெயர் வேண்டும்.

அடுத்தது பண்டாரவளைத் தங்கையின் நீர்ப்பீலி. வெளியூர் நண்பர்களுக்காக: மேட்டில் உள்ள ஊற்றிலிருந்தோ ஓடையிலிருந்தோ மூங்கிலோ குழாயோ வைத்து லயத்துக்கு (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளுக்கு) அருகே இறக்கி விழவிடும் தண்ணீர்தான் எங்களுக்குப் பீலி. குளிப்பது, துவைப்பது, குடத்தில் பிடிப்பது எல்லாம் பீலிக்கரையில். மோட்டர் கிடையாது, தண்ணீர் தன்பாட்டில் இறங்கி வரும். சக்தி செலவில்லாத கடத்தலுக்கு இதைவிட நல்ல உவமை எனக்குத் தெரியாது, வகுப்பில் சொல்லவும் செய்கிறேன். ஆனால் உவமையைப் பெயராக வைத்தால் அதன் குறையும் கூடவே ஒட்டிக்கொள்ளும். பீலியில் தண்ணீர் ஒருநாளும் மேலே ஏறாது. அதோடு பற்றீரியாவின் மேற்பரப்பில் மயிர் போல் நீட்டிக்கொண்டிருப்பவற்றைப் பிலி என்று ஒலிபெயர்க்கும் வழக்கமும் இருக்கிறது. பிலியும் பீலியும் ஒரே வினாத்தாளில் வந்தால் பிள்ளை என்ன செய்யும்? கடல் தாண்டினால் பீலி மயிலிறகாகிவிடுகிறது.

மலையகச் சொல் ஒன்று கலைச்சொல்லாக ஏறவேண்டும் என்ற ஆசை எனக்கும் இருக்கிறது, தங்கை. அந்த ஆசைக்காகப் பொருளை வளைக்க முடியாது. தண்ணீர் வடிய வெட்டும் கானைப் பாருங்கள். பித்தக்கான் என்று புத்தகத்தில் இருக்கிறது, சிறுநீரகத்தில் சேர்க்கும் கான் இருக்கிறது. தேயிலை மலையில் கான் வெட்டுகிறவருக்கு அந்தச் சொல்லை யாரும் விளக்க வேண்டாம். அது பொருந்தியதால் நின்றது.

என் வாக்கு நீர்ப்புழைக்கு. புழை என்றால் உள்ளே ஒடுங்கி ஓடும் துவாரம், சிறு வழி. யானையின் துதிக்கைக்குப் புழைக்கை என்று பழைய பெயர், உள்ளே குழலாக இருப்பதால். வீட்டின் பின்வழிக்குப் புழைக்கடை. அதைத்தான் புழக்கடை ஆக்கிவிட்டோம். இரண்டு வழக்கிலும் ஒடுக்கம் இருக்கிறது, ஒருதிசைப் போக்கு இல்லை. புழைக்கடையால் போகவும் செய்யலாம், வரவும் செய்யலாம். ழகரம் வராத பிள்ளை நீர்ப்புளை என்று எழுதினாலும் அது வேறொரு பொருளைத் தந்து குழப்பாது. ஒரு எழுத்துப்பிழையோடு போகும்.

தமிழ்நாட்டுப் பாடநூலில் புணர்புழை (யோனி) இருக்கிறதே, வகுப்பு சிரிக்காதா என்று கேட்டிருந்தார்கள். சிரிக்கட்டும். உயிரியலில் பதினேழு வயதைச் சிரிக்க வைக்காத சொற்களைத் தேடினால் பாதிப் பாடம் போய்விடும்.

போரினுக்கு ஒரு சொல் கண்டு அதன் முன்னால் நீரைச் சேர்த்தால் முறையாக இருக்குமே என்று தம்பி ஒருவர் எழுதியிருந்தார். போரின்கள் கிராம் எதிர் பற்றீரியாக்களின் வெளிமென்சவ்விலும் இழைமணியின் (mitochondria) வெளிமென்சவ்விலும் இருப்பவை, பீற்றாத் தகடுகள் பீப்பாய் வடிவில் மடிந்தவை. அக்குவாபோரினோ மென்சவ்வை 6 முறை கடக்கும் அல்பாச் சுருளிகளால் ஆனது. நான்கு நான்காகச் சேர்ந்திருக்கும், ஆனால் ஒவ்வொன்றிலும் நீருக்குத் தனி வழி உண்டு. பெயரில் உள்ள உறவு கட்டமைப்பில் இல்லை. இல்லாத உறவைத் தமிழிலும் எதற்குக் கொண்டுவர வேண்டும்?

ஸ்டோரில் (தேயிலைத் தொழிற்சாலையில்) வேலை செய்யும் நண்பர், பரீட்சைக்கு வெளியே இந்தச் சொல்லுக்கு என்ன வேலை என்று கேட்டிருந்தார். உங்கள் வாட்டும் தட்டிலேயே இருக்கிறது. பச்சைக் கொழுந்தின் எடையில் முக்கால் பங்கு அளவுக்கு நீர். வாட்டும்போது அது கலங்களை விட்டு வெளியேற வேண்டும். இருபடையினூடாகக் கசிவது ஒரு வழி, நீர்ப்புழை இன்னொரு வழி. ரோலருக்குள் போன பிறகு கதை வேறு. மென்சவ்வுகள் கிழிந்து, கலத்துக்குள் சாறு நிறைந்த பையான புன்வெற்றிடத்தில் கிடந்த பொலிபீனோல்கள் வெளியே இருக்கும் நொதியத்தோடு கலந்து ஒட்சியேறத் தொடங்கும். மென்சவ்வே இல்லாத இடத்தில் புழைக்கு என்ன வேலை!

எந்தச் சொல்லையும் வாக்கியத்தில் போட்டுப் பார்க்காமல் ஏற்பதில்லை. போட்டுப் பார்த்தேன்: “வாசோபிரசின் என்ற ஓமோன் கூடும்போது சேர்க்கும் கானின் கலங்களில் நீர்ப்புழைகள் மென்சவ்வுக்கு வந்து சேர்கின்றன, சிறுநீர் செறிகிறது.” இடறவில்லை. “நீர்ப்புழை ஒரு கால்வாய்ப் புரதம்.” இதுவும் சரி. எண் சேர்க்க நீர்ப்புழை-1, நீர்ப்புழை-2 என்று போகலாம்.

மிச்சம் இருப்பது ஒன்று. நீரோடு கிளிசரோலையும் விடும் வகையை என்ன செய்வது? நீர்க்கிளிசரோற்புழை என்றால் நாக்கு சுளுக்கிக்கொள்ளும். கிளிசரோற்புழை போதும், நீரையும் விடும் என்பது வரைவிலக்கணத்தில் இருக்கட்டும் என்று நினைக்கிறேன். கோவை ஐயாவுக்கும் பண்டாரவளைத் தங்கைக்கும் இதில் மறுப்பு இருந்தால் எழுதுங்கள். இல்லையென்றால் நமது கலைச்சொற் பட்டியலைப் பார்த்துக்கொள்கிறவர் இரண்டையும் சேர்த்துவிடலாம்.

அன்புடன்,
அட்டனிலிருந்து