அயனித்தடிக்குள்ள இருந்து கிறீச் சத்தம், என்ன வண்டு?

கீரிப்பாறை விளைக்காரன்:
எங்க ரப்பர் விளை காட்டோரம். 2017 ஒக்கி புயல்ல சாஞ்ச அயனி மரம் ஒண்ணு ஓடைக்கரையில அப்படியே கிடக்கு. தூக்குகூலிக்குக் கட்டாதுன்னு விட்டது. இப்போ கையால பிட்டாலே உதிருது. நேத்து ஒரு துண்டைப் பெயர்த்தா, உள்ள கறுகறுன்னு மினுங்குற தட்டையான வண்டு. எடுத்தா கிறீச்னு கத்துது! கூடவே வெள்ளைப் புழு. தென்னங்குருத்தைத் துளைக்கிற வண்டுதான், மண்ணெண்ணெய் ஊத்திக் கொளுத்துங்காரு மாமா. கீழ தென்னை நிக்குது. கொளுத்தவா?

தடிக்காரன்கோணம்:
அய்யோ, கொளுத்தாதீங்க அண்ணே. தென்னை வண்டு உருண்டு தடிச்சு, தலையில கொம்போட இருக்கும். இது பாஸாலிட் வண்டு. முதுகுல நீளவாக்குல வரிவரியா பள்ளம் ஓடுதான்னு பாருங்க. புழுவுக்கு ரெண்டு ஜோடிக் கால்தான் தெரியும். மூணாவது ஜோடி குறுகிப்போய், முன்னால உள்ள காலோட அடியில உரசிச் சத்தம் போட மட்டும்தான் உதவும். பெரிய வண்டு இறக்கையையும் வயித்தையும் உரசிக் கத்தும்.

பச்சை மரத்தைத் தொடவே தொடாது. இத்துப்போன தடிக்குள்ள தாயும் தகப்பனும் பிள்ளைகளோட குடித்தனம். மரத்தை மென்னு தூளாக்கிப் புழுவுக்குக் கொடுக்கும். போட்ட எச்சத்தையே பூசணம் ஏறினபிறகு திரும்பத் தின்னும். முகம் சுளிக்காதீங்க, மரம் லேசுல செரிக்கிற சாமானா? பூசணம் பாதி வேலையை முடிச்சுக் கொடுக்கணும்.

பேச்சிப்பாறை:
வெறுங்கையைத் தடிக்கடியில விடாதீரும் ஓய். மூக்கு மேல தூக்கின சின்னக் குழிவிரியன் அங்கேதான் சருகோட சருகா சுருண்டு கிடக்கும். நம்ம ஆஸ்பத்திரிகளில் உள்ள விஷமுறிவு மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நாலுக்கும் உள்ளது. இதுக்குக் கேக்காது. கம்பால புரட்டும்.

கீரிப்பாறை விளைக்காரன்:
வரி இருக்கு, புழுவுக்கு நாலு காலும் சரிதான். மாமாகிட்ட காட்டியாச்சு, நம்ப மாட்டேங்காரு. கிணத்தடியில ஒரு தென்னந்தடியும் இத்துக் கிடக்கு. அதையும் விட்டிரலாமா?

தடிக்காரன்கோணம்:
அதை விடாதீங்க! கொம்பு வண்டு முட்டையிடுறதே இத்துப்போன தென்னந்தடியிலயும் சாணக்குழியிலயும்தான். பிளந்து புழுவைப் பொறுக்கிட்டு, காயவச்சு அடுப்புல வைங்க. சாணக்குழியையும் கிளறிப் பாருங்க. அங்க புழு இருந்தா, அதைக் கொல்லுற மெட்டாரைசியம்னு பச்சைப் பூசணம் உண்டு, வேளாண்மை ஆபீஸ்ல கேளுங்க. மாமாவுக்கு மண்ணெண்ணெய் ஊத்தியே ஆகணும்னா தென்னந்தடியைக் காட்டுங்க.