எரிபொருட்கலம் வேண்டாம், எரிபொருள் மின்கலம் என்போம்

வணக்கம்.

எரிபொருளிலிருந்து நேரடியாக மின்சாரம் தருகிற fuel cell என்ற சாதனத்துக்குத் தமிழ்ச் சொல் தேடிக்கொண்டிருக்கிறோம். "எரிபொருட்கலம்" என்றே முடிவு செய்துவிட்டு அடுத்த சொல்லுக்குப் போகலாம் என்று நண்பர் ஒருவர் எழுதியிருக்கிறார். கொஞ்சம் பொறுங்கள். அந்தச் சொல்லைத் திருகோணமலைச் சந்தையில் நின்று சொன்னால் கேட்கிறவர் சீனக்குடாப் பக்கம்தான் கை காட்டுவார். பிரித்தானியர் கட்டிய 99 எண்ணெய்த் தாங்கிகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாழ்கிற ஊர் இது. கலம் என்றால் எங்களுக்கு ஒன்றில் பாத்திரம், இல்லாவிட்டால் கப்பல். 2022இல் மண்ணெண்ணெய்க்குக் கானோடு வரிசையில் நின்ற சனத்துக்கு அந்தக் கானும் எரிபொருட்கலம்தான்.

பகிடி என்று தள்ளிவிடாதீர்கள். இந்தச் சாதனத்தைப் பற்றி ஒருவர் முதலில் விளங்கிக்கொள்ள வேண்டிய விஷயத்தையே இந்தச் சொல் தலைகீழாகக் காட்டுகிறது. இதற்குள் எரிபொருள் சேமித்து வைக்கப்படுவதில்லை. ஐதரசனில் இயங்குகிற வகையை எடுத்துக்கொள்ளுங்கள். ஐதரசன் வெளியே ஒரு தாங்கியில் இருக்கும். அங்கிருந்து அனோட்டு என்கிற மின்வாய்க்கு வரும், அங்கே ஊக்கியாகப் பூசிய பிளாற்றினத்தில் பட்டு இலத்திரனும் புரோத்தனுமாகப் பிரியும். புரோத்தன் நடுவில் இருக்கிற மென்சவ்வு வழியே போகும், இலத்திரன் வெளிச்சுற்றைச் சுற்றிக்கொண்டு போகும். மற்ற மின்வாயான கதோட்டில் இரண்டும் ஒட்சிசனோடு சேர்ந்து நீராகிவிடும். எரிபொருள் வரும்வரை மின்சாரம் வரும், அவ்வளவுதான். 1970இல் அப்பலோ 13 விண்கப்பலில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். வெடித்தது ஒட்சிசன் தாங்கி. மின்சாரம் கொடுத்துக்கொண்டிருந்த இந்த வகைக் கலங்களுக்கு ஒட்சிசன் வரத்து அற்றுப்போக, தாய்க்கப்பலின் மின்சாரமும் அற்றுப்போனது. பிறகு சந்திரனில் இறங்கவென்று கொண்டுபோன ஓடத்தின் பற்றரிகளை நம்பித்தான் மூவரும் திரும்பும் வழியில் பெரும்பகுதியைக் கடந்தார்கள். தாங்கி வேறு, கலம் வேறு என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

சரி, அப்படியானால் "எரிபொருள்" என்ற சொல்லே எதற்கு, இங்கே எதுவும் எரிவதில்லையே என்று மட்டக்களப்பிலிருந்து தங்கை கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. நான் உயர்தர மாணவர்களுக்கு இரசாயனம் படிப்பிக்கிறவன், என் வகுப்பிலும் இதே கேள்வி வந்தது. சலவைச் சோடாக் கரைசலில் இரண்டு பென்சில் கரிகளை இறக்கி, 9 வோல்ற்றுப் பற்றரியில் கொஞ்ச நேரம் மின்பகுப்புச் செய்தோம். கரியெங்கும் குமிழி அப்பிக்கொண்டது, ஒன்றில் ஐதரசன், மற்றதில் ஒட்சிசன். பற்றரியைக் கழற்றிவிட்டு வோல்ற்றுமானியைத் தொடுத்தால், முள் ஒரு வோல்ற்றைத் தாண்டி நின்றது. பிறகு மெல்ல மெல்ல இறங்கியது. முன்வாங்கில் இருந்த பெடியன், "சேர், இதுக்குள்ள எங்க எரியுது?" என்றான். எரியவில்லைதான். அணு உலையிலும் எதுவும் எரிவதில்லை. ஆனாலும் யுரேனியத்தை அணு எரிபொருள் என்றுதான் நாளிதழும் எழுதுகிறது, பாடநூலும் எழுதுகிறது. எரிபொருள் என்ற சொல் எப்போதோ நெருப்பைத் தாண்டி வந்துவிட்டது. ஆகவே அது இருக்கட்டும்.

ஆனால் அதைச் சுருக்கி "எரிகலம்", "எரிமின்கலம்" என்று வெட்டுவதற்கு நான் உடன்பட மாட்டேன். பொருளை எடுத்துவிட்டு எரியை மட்டும் மிச்சம் வைத்தால், நடக்காத ஒன்றையே பெயராக வைத்த மாதிரி ஆகும்.

"நீரகக் கலம்" என்ற கோவை நண்பரின் யோசனை காதுக்கு இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்தக் குடும்பம் பெரியது. மெதனோலைத் திரவமாகவே நேரடியாக ஏற்கிற கலம் இருக்கிறது. 600 பாகை செல்சியசுக்கு மேல் இயங்குகிற திண்ம ஒட்சைட்டுக் கலத்துக்கு இயற்கை வாயுவையும் கொடுக்கலாம். அதற்குள் நகர்வது புரோத்தன் அல்ல, ஒட்சைட்டு அயன். பொதுப்பெயரில் ஐதரசனைக் கட்டிவிட்டால் இவற்றை எங்கே கொண்டுபோய் வைப்பது? அதோடு எங்கள் ஐதரசன், உங்கள் ஹைட்ரஜன், தனித்தமிழார் நீரகம் என்ற பழைய வழக்கும் இதற்குள் வந்துவிடும். தலைச்சொல்லை அந்தச் சண்டைக்கு வெளியே வைப்பதுதான் புத்தி. ஐதரசனால் இயங்குவதை மட்டும் குறிக்க வேண்டிய இடத்தில் முன்னால் சேர்த்துக்கொள்ளலாம்.

இந்தக் கலத்தின் முன்னோடிகளில் ஒருவரான வில்லியம் கிரோவ் 1842இல் இதை வாயு மின்னடுக்கு என்ற பொருளில்தான் எழுதினார், ஆகவே "வளிக்கலம்" போதும் என்று ஒருவர். எங்களுக்கு வளி என்றால் காற்று. காதுக்கருவியில் போடுகிற நாகம்-வளிக் கலம் (zinc-air) ஏற்கெனவே அந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. இதை நீட்ட வேண்டியதில்லை.

ஆகவே என் தெரிவு எரிபொருள் மின்கலம். "மின்" என்ற ஒரேயொரு அசை சேர்ந்ததும் தாங்கியும் கப்பலும் கானும் விலகிவிடுகின்றன. உயிரியல் ஆசிரியர்கள் உயிரணுவைக் குறிக்கிற தங்கள் கலத்தோடு குழப்பாமலும் இருக்கலாம். மின்கலம் என்றால் பற்றரி என்று சனம் நினைக்குமே என்ற பயம் எனக்கில்லை. கடையில் போய் யாரும் மின்கலம் கேட்பதில்லை, பற்றரிதான் கேட்கிறார்கள். மின்கலம் பாடநூலின் சொல்லாகவே இருப்பதால் அதை இங்கே கொண்டுவர இடமிருக்கிறது. நீளம் என்பதுதான் மிஞ்சுகிற குறை. ஒரு கட்டுரையில் முதல் தடவை முழுதாக எழுதிவிட்டு, அப்புறம் வெறுமனே கலம் என்று எழுதினால் போயிற்று.

இனி உண்மையில் சிக்கலான இடம். ஒரு தனிக் கலம் கொள்கையளவில் 1.23 வோல்ற்றுத் தரவேண்டும், வேலை செய்யும்போது கிடைப்பதோ 0.6, 0.7 அளவு. அதனால்தான் டொயோட்டாவின் இரண்டாம் தலைமுறை மிராய் காரில் 330 கலங்களைத் தொடராக அடுக்கியிருக்கிறார்கள். அந்த அடுக்கை என்னவென்று சொல்வது? எரிபொருள் மின்கலவடுக்கு என்பது தானாக வந்து விழுகிறது. ஆனால் எங்கள் பாடநூல்களில் மின்கலவடுக்கு என்றாலே பற்றரி. என்னைக் கேட்டால் அதில் தவறில்லை. தொடராக இணைத்த கலங்கள்தானே இரண்டும். என்றாலும் ஒரே வாகனத்தில் இரண்டும் இருக்கும்போது, அதாவது மிராயில் இருப்பதுபோல லிதியம் பற்றரி ஒன்றும் கூடவே இருக்கும்போது, மொழிபெயர்க்கிறவர் திண்டாடுவார். அங்கே "கல அடுக்கு" என்று பிரித்து எழுதி, மற்றதைப் பற்றரி என்றே விட்டுவிடலாம் என்பது என் எண்ணம். தொழில்நுட்பக் கல்லூரியில் வாகனப் பாடம் எடுக்கிற அண்ணன்மார் இரண்டு பேர் இங்கே இருக்கிறீர்கள். பட்டறையில் எது வாயில் வரும் என்று நீங்கள் சொன்னால் அதையே எடுத்துக்கொள்ளலாம்.