கணிதக் கொப்பியில் பங்குனி 11

மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் இருந்து ஒரு தாய்:

ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சைப் பெறுபேறு வந்த கையோடு எங்கள் பக்கம் ஒரே பேச்சுத்தான். எந்தப் பள்ளிக்கூடம் நல்லது, எங்கே விடலாம், யாரைப் பிடிக்கலாம். நானும் மூன்று வருடத்துக்கு முன் இந்தக் கேள்வியோடு திரிந்தவள். எனக்கு நடந்ததைச் சொல்கிறேன், மற்றவர்களும் எழுதுங்கள்.

வீடு கொக்கட்டிச்சோலையில் இருந்து இன்னும் உள்ளே. மூத்தவள் பெரிய பள்ளிகள் கேட்கும் வெட்டுப்புள்ளிக்கு மேலே எடுத்து டவுனில் ஒரு தேசிய பாடசாலைக்குப் போனாள். இளையவனுக்கு மூன்று புள்ளி காணாது. இவர் அங்கே இங்கே ஆள் பிடித்துப் பார்த்தார், சரிவரவில்லை. ஊர்ப் பள்ளியிலேயே ஆறாம் வகுப்பில் விட்டோம். "அக்கா பெரிய ஸ்கூல், தம்பி இஞ்சதானா?" என்று கேட்காத ஆள் இல்லை. அவன் முன்னாலேயே கேட்பார்கள், அதுதான் வயிற்றெரிச்சல்.

மகள் விடியற்காலை ஐந்தே முக்கால் பஸ்ஸில் போவாள். மண்முனைப் பாலம் 2014 இல் திறந்ததால் அந்தளவோடு போகிறது. நாங்கள் படித்த காலத்தில் பாதைக்கு, அதாவது ஆட்களை ஏற்றும் மிதவைக்கு, காத்து நின்று வாவியைக் கடந்து போனால் முதல் பாடம் முடிந்திருக்கும். சரி, பாலம் வந்துவிட்டது, பள்ளியும் பெரிய பள்ளி. வகுப்பில் 42 பிள்ளைகள். விஞ்ஞானப் பாடத்தில் சேர் ஓர் அலகைத் தொடங்கி, "இது ரியூசனில படிச்சிருப்பீங்கதானே" என்று அடுத்ததுக்குப் போய்விடுவாராம். ரியூசன் போகாத பிள்ளை மூன்று பேர். அதில் என் மகளும் ஒருத்தி. அடுத்த மாதமே அவளையும் சேர்த்துவிட்டோம். வேறு என்ன செய்வது? ஆனால் அதே பள்ளியில் அவளுக்குக் கிடைத்த நூலகமும் நெட்போலும் ஆங்கில தினப் போட்டியும் எங்கள் ஊரில் கிடைக்காது, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

மகனுடைய பள்ளியில் வகுப்புக்கு 23 பேர். பிள்ளை இரண்டு நாள் வரவில்லை என்றால் வகுப்பாசிரியர் வீட்டு வாசலில் நிற்பார். அதனால் நான் நிம்மதியாகத்தான் இருந்தேன். இந்த வருடம் எட்டாம் வகுப்பு. ஆனி மாதத்தில் ஒருநாள் கொப்பிக்கு உறை போடுவோம் என்று அவனுடைய கணிதக் கொப்பியை எடுத்தேன். ஆசிரியரின் சிவப்புப் பேனைச் சரி, பக்கத்தில் சின்னக் கையெழுத்து, கீழே திகதி: பங்குனி 11. அடுத்த பக்கம் வெள்ளை. அதற்கடுத்த பக்கத்தில் ஒரு கிரிக்கெட் மட்டை கீறியிருக்கிறான். அவ்வளவுதான் கொப்பி.

"பாடம் நடக்கலையா மனே?"

"ரீச்சர் லீவும்மா. அந்தப் பாடத்துக்கு நாங்க கிரவுண்டுக்குப் போற."

மறுநாள் அதிபரிடம் போனேன், சண்டை பிடிக்கிற எண்ணத்தோடுதான். அவர் ஒன்றும் சொல்லாமல் ஒரு கோப்பை எடுத்து முன்னால் வைத்தார். ரீச்சர் பிரசவ விடுமுறையில் போயிருக்கிறார், முழுச் சம்பளத்தோடு 84 நாள், சனி ஞாயிறு அதில் சேராது. பதில் ஆள் கேட்டு வலயக் கல்விப் பணிமனைக்கு எழுதிய கடிதங்களின் பிரதி மட்டும் ஐந்து இருந்தது. அதிபர் புவியியல் படித்தவர். பதினோராம் வகுப்புக்கு ஓஎல் (சாதாரண தரப் பரீட்சை) இருக்கிறதே என்று அவரே கணிதம் எடுக்கிறார். எட்டாம் வகுப்புக்கு ஆளில்லை. எனக்குச் சண்டை பிடிக்க வாய் வரவில்லை.

பிறகு பெற்றோர் கூடினோம். ஊரில் ஏஎல் (உயர்தரம்) முடித்துவிட்டுப் பல்கலைக்கழக அனுமதிக்குக் காத்திருந்த ஒரு பிள்ளையைத் தொண்டர் ஆசிரியராகக் கேட்டோம். வீட்டுக்கு மாதம் 200 ரூபாய். தராதவர்களிடம் கேட்பதில்லை என்று முதலே முடிவெடுத்தோம், ஏனென்றால் வகுப்பில் நாலு பிள்ளைகளின் தாய்மார் வெளிநாட்டில், அம்மம்மாமார்தான் பார்க்கிறார்கள்.

ஆகவே யாராவது பள்ளிக்கூடம் நல்லதா என்று என்னிடம் கேட்டால், எந்தப் பாடத்தைக் கேட்கிறீர்கள் என்று நான் திருப்பிக் கேட்கிறேன்.

ஏஎல் படிக்கும் மாணவன், மட்டக்களப்பு டவுன்:

அன்ரி, நீங்கள் சொன்ன பெரிய பள்ளி போல ஒன்றில்தான் நானும் கணிதப் பிரிவு படிக்கிறேன். எங்கள் வகுப்பில் 31 பேர். போன வியாழன் வந்தது ஏழு பேர். மிச்சப் பேர் ரியூசன், இல்லாவிட்டால் வீட்டில் பாஸ்ட் பேப்பர். 80 வீத வரவு வேண்டும் என்று விதி இருக்கிறது. வரவு இடாப்பு எப்படி நிரம்புகிறது என்று மட்டும் என்னிடம் கேட்காதீர்கள்.

ஆனால் அந்த ஏழு பேரும் ஏன் வந்தோம் என்றால் இரசாயனவியல் சேருக்காக. காலை ஆறே முக்காலுக்கு ஆய்வுகூடத்தைத் திறந்து வைத்திருப்பார். நியமிப்பு (டைட்ரேஷன்) செய்யும்போது அளவியில் (பியூரெட்) இருந்து துளித்துளியாக விட வேண்டும், பினோப்தலீன் மெல்லிய ரோசா நிறத்தில் நிற்க வேண்டும். ஒரு துளி கூடி நிறம் கடுத்தால் "கொட்டிப்போட்டுத் திரும்பச் செய்" என்பார். நான் ஒரு தடவை நாலு முறை கொட்டினேன். ரியூசனில் 200 பேருக்கு மைக்கில் இதே நியமிப்பைச் சொல்லித் தருவார்கள். அளவியைக் கையால் தொட்ட ஆள் அங்கே எத்தனை பேர் என்று தெரியாது.

இன்னொன்று. வாசலில் பனர் கட்டுகிறார்களே, இத்தனை பேர் ஓஎல்லில் 9ஏ, இத்தனை பேர் மருத்துவம் என்று. அதில் பாதிப் பேர் ஆறாம் வகுப்பிலேயே வெட்டுப்புள்ளி பார்த்து எடுத்த பிள்ளைகள். கெட்டிக்காரரை எடுத்துக் கெட்டிக்காரராக வெளியே விடுவதை எப்படி அளக்கிறது? பல்கலைக்கழக அனுமதியில் கோட்டா இருக்கிறதே என்று எங்கள் ஆட்கள் ஆறுதல் சொல்வார்கள். கலைப் பிரிவு தவிர்ந்த பெரும்பாலான கற்கைகளுக்கு 40 வீதம் திறமை, 55 வீதம் மாவட்டம், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்கள். மட்டக்களப்பும் அம்பாறையும் அந்தப் பின்தங்கிய பட்டியலில் இருக்கின்றன. கொழும்போடு ஒப்பிட்டால் அது நியாயம். ஆனால் மாவட்டத்துக்குள் எனக்கும் வடக்கு மூலையில் இருக்கிற வாகரைப் பொடியனுக்கும் ஒரே பட்டியல், அனுமதிக்கு ஒரே இசட் புள்ளி வெட்டு. அவனுடைய பள்ளியில் ஆய்வுகூடமே பூட்டிக் கிடக்கும்.

கல்முனைப் பக்கம் ஒரு வாப்பா:

நான் படிப்பைப் பற்றிச் சொல்ல வரவில்லை, அது உங்களுக்குத் தெரியும். நான் ஓடாவி, தச்சு வேலை. எனக்குத் தெரிந்தது கதவு.

மகள் பெண்கள் பாடசாலை ஒன்றில் ஏழாம் வகுப்பு. பள்ளிவிட்டு வந்ததும் பேக்கை எறிந்துவிட்டு ஒரே ஓட்டமாகப் பின்பக்கம் ஓடும். தண்ணீர்ப் போத்தல் காலையில் நிரப்பிக் கொடுத்தபடியே திரும்பி வரும். உம்மாதான் கண்டுபிடித்தா. மலசலகூடத்துக்குத் தாழ்ப்பாள் இல்லையாம். ஒரு பிள்ளை வெளியே நின்று கதவைப் பிடிக்க வேண்டுமாம். அதனால் ஏழரை மணியில் இருந்து ஒன்றரை வரைக்கும் தண்ணீரே குடிக்காமல் இருக்கப் பழகிவிட்டார்கள், இந்த வெயிலில்.

பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்துக்குப் போனேன். அன்றைக்குக் கூட்டம் முழுக்க நுழைவாயில் வளைவைப் பற்றித்தான். என்ன நிறம், யாருடைய பெயரைப் போடுவது. நான் எழும்பி மலசலகூடம் என்று சொன்னதும் ஒரு அமைதி. பொம்புளைப் புள்ளைகள் விசயத்தைச் சபையில் பேசுவதா என்று ஒருவர் முணுமுணுத்தார். அப்போது பின்வரிசையில் இருந்த ஒரு உம்மா எழும்பி, "அவர் கேக்கிறது சரி, எண்ட மகளுக்குச் சிறுநீர்க் கிருமி வந்து ஆஸ்பத்திரியில மூணு நாள் வச்சிருந்த" என்றா. அதோடு வளைவுப் பேச்சு நின்றது.

சனிக்கிழமை நானும் இன்னும் இரண்டு பேரும் போய் 14 தாழ்ப்பாள் பூட்டினோம். கீல் போன இரண்டு கதவை இறக்கித் திரும்ப ஏற்றினோம். மத்தியானம் அதிபர் வீட்டில் இருந்து சாப்பாடு வந்தது. மனிதர் கெட்டவர் இல்லை, அந்தப் பக்கம் அவர் போனதே இல்லை, அவ்வளவுதான். இப்போது போத்தல் காலியாக வருகிறது. வளைவும் கட்டிவிட்டார்கள், வடிவாகத்தான் இருக்கிறது.

ஒரு ஆசிரியை:

அக்கா, உங்கள் கணித ரீச்சர் நான் இல்லை, ஆனால் நானாக இருந்திருக்கலாம்.

தாளங்குடா கல்வியியல் கல்லூரியில் படித்து வெளியே வந்ததும் முதல் நியமனம் வாவிக்கு அந்தப் பக்கம். குறுமண்வெளியில் பாதை ஏறி மண்டூரில் இறங்கி, அங்கிருந்து ஸ்கூட்டியில் இன்னும் உள்ளே. பின்நேர வகுப்பு வைக்கச் சொல்லி வலயத்தில் இருந்து சொல்வார்கள். நாலு மணிக்கு மேல் பிள்ளைகளை அந்த றோட்டில் எப்படி விடுவது? யானை இறங்குகிற இடம். ஒருநாள் தகப்பன்மார் மூன்று பேர் சீனவெடியோடு வந்து பிள்ளைகளைக் கூட்டிப் போனார்கள். அதற்குப் பிறகு நான் பின்நேர வகுப்பு வைக்கவில்லை. பதிலுக்கு இடைவேளையில் எடுத்தேன். பிள்ளைகள் சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டே பின்னம் கூட்டுவார்கள்.

நாலு வருடம் இருந்தேன். பிறகு பிள்ளைத்தாய்ச்சி, இடமாற்றம் கேட்டேன், கிடைத்தது. கடைசி நாள் ஒரு பெட்டை, "அடுத்த கணித ரீச்சர் எப்ப வருவா?" என்று கேட்டாள். அடுத்த கிழமை என்றேன். அது பொய் என்று எனக்குத் தெரியும். இப்போது நான் இருக்கிற டவுன் பள்ளியில் என் பாடத்துக்கு நாலு பேர் இருக்கிறோம். அங்கே ஒருவரும் இல்லை. மாவட்டத்தில் ஐந்து கல்வி வலயம் இருக்கிறது, ஒரு வலயத்தில் மிச்சமாக இருக்கிற ஆளை அடுத்த வலயத்துக்கு அனுப்பும்போது எத்தனை தொலைபேசி அழைப்பு வரும் என்று பணிமனையில் வேலை செய்தவரைக் கேளுங்கள். எனக்காகவும் ஒருவர் பேசியிருக்கிறார், மறைக்க என்ன இருக்கிறது.

பெற்றோருக்கும் ஒரு சொல். ஊர்ப் பள்ளி நல்லது என்று பிள்ளையை விடும்போது அது 1ஏபியா, 1சியா, வகை 2 ஆ என்று கேட்டு வையுங்கள். 1ஏபி என்றால் ஏஎல்லில் விஞ்ஞானமும் உண்டு. 1சி என்றால் விஞ்ஞானம் இல்லை, கலையும் வர்த்தகமும்தான். வகை 2 இல் ஓஎல்லோடு முடிந்தது. விஞ்ஞானம் படிக்க ஆசைப்பட்ட பிள்ளை பதினாறு வயதில் புதுப் பள்ளி, புது இடம் என்று நிற்கும். என்னிடம் வந்து அழுத தாய்மார் இருக்கிறார்கள், அந்த நேரம் நான் ஒன்றும் செய்ய இயலாது.

படுவான்கரைத் தாய், திரும்பவும்:

ரீச்சர், உங்கள் பதிலை இரண்டு தரம் வாசித்தேன். எங்கள் கணித ரீச்சரும் விடுமுறை முடிந்து வந்தா, பின்னாலேயே இடமாற்றக் கடிதமும் வந்தது. அவவைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கைக்குழந்தையோடு அந்த றோட்டில் வர நான் என்றாலும் மாட்டேன்.

மகன் 1சியில் இருக்கிறான் என்பது எனக்கு இன்றைக்குத்தான் சரியாக விளங்கியது. அதை இவரோடு இருந்து பேச வேண்டும். மூன்று வருடம் இருக்கிறது.

இப்போதைக்கு வேறு அவசரம். எங்கள் தொண்டர் பிள்ளைக்குக் கிழக்குப் பல்கலைக்கழகம் கிடைத்துவிட்டது, அடுத்த மாதம் வந்தாறுமூலைக்குப் போகிறாள். எட்டாம் வகுப்புக் கணிதம் எடுக்கக்கூடிய ஆள் கொக்கட்டிச்சோலைப் பக்கம் யாரும் இருந்தால் சொல்லுங்கள். பஸ் காசும் காலைச் சாப்பாடும் எங்கள் பொறுப்பு. அவள் கடைசியாகக் கொப்பி திருத்தியது நேற்று.