பழைய பயனெட்டின் மரப்பிடி: கழற்றலாமா, வார்னிஷை எடுப்பது எப்படி?

தலைவாசல்:
காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் வாங்கிய பயனெட், அதாவது துப்பாக்கி முனையில் மாட்டும் கத்தி (துப்பாக்கிச் சனியன்). அலகு 12 அங்குலம், நடுவில் பள்ளம் இல்லை. அலகின் அடியில் ஆர்.எஃப்.ஐ., 43 என்று குத்தியிருக்கிறது. பிடியில் இரண்டு மரக்கட்டை, இரண்டு ஸ்க்ரூ. மேலே யாரோ தடிமனாக வார்னிஷ் பூசியிருக்கிறார்கள், ஸ்க்ரூவைச் சுற்றி மரம் கறுத்திருக்கிறது, ஓரிடத்தில் அமுங்கியும் இருக்கிறது. "உப்புத்தாள் போட்டு பிரெஞ்சு பாலிஷ் அடிச்சிருவோம்" என்கிறார் ஆசாரி. ஸ்க்ரூ அசையவே இல்லை. என்ன செய்யலாம்?

இரும்புச்சரக்கு:
ஆர்.எஃப்.ஐ. என்றால் இச்சாப்பூர் துப்பாக்கித் தொழிற்சாலை. நீங்கள் சொல்வது இந்தியா பேட்டர்ன் மார்க் 2 மாதிரி. பழைய பிரிட்டிஷ் பயனெட்டான 1907 பேட்டர்னின் அலகு 17 அங்குலம், அதைக் குட்டையாக்கிய வழியில் வந்தது இது.

முதலில் ஆசாரியைத் தடுங்கள். தொழிற்சாலையில் கட்டையும் இரும்பும் ஒரே மட்டமாக இருக்கும்படி இழைத்திருப்பார்கள். உப்புத்தாள் மரத்தைத்தான் தின்னும், இரும்பைத் தின்னாது. அரை மில்லிமீட்டர் போனாலே இரும்பு விளிம்பு விரலில் தட்டும், மரத்தில் முத்திரை இருந்தால் அதுவும் போய்விடும். வீட்டுத் தேக்குத் தூணுக்குச் செய்வதை இதற்குச் செய்யக்கூடாது. பிரெஞ்சு பாலிஷ் அரக்கு, ஈரமும் வியர்வையும் பட்டால் வெளுக்கும்.

கழற்றத்தான் வேண்டுமா என்பது அடுத்த கேள்வி. கட்டை ஆடவில்லை, இடுக்கில் செந்துரு கசியவில்லை என்றால் மாட்டியபடியே சுத்தம் செய்யுங்கள். உங்களுடையதில் ஸ்க்ரூவைச் சுற்றிக் கறுத்திருப்பதால் உள்ளே ஈரம் போயிருக்கும், ஆகவே கழற்றலாம். (இன்னும் பழைய 1888 பேட்டர்ன் பயனெட்டில் இருப்பது ஸ்க்ரூ அல்ல, ரிவெட். அதைத் தொடவே வேண்டாம்.)

ஸ்க்ரூ தலையின் வெட்டில் அடைந்த அழுக்கையும் வார்னிஷையும் குண்டூசியால் சுரண்டுங்கள். துரு இளக்கும் எண்ணெய் ஒரே ஒரு சொட்டு, இரவு முழுக்க விடுங்கள். நிறைய ஊற்றினால் மரம் குடித்துக் கறுக்கும். மறுநாள் சால்டரிங் அயர்ன் முனையைத் தலையில் இரண்டு நிமிடம் வைத்து, ஆறியதும் திருப்புங்கள். கடை ஸ்க்ரூடிரைவரின் முனை ஆப்பு மாதிரி சரிவாக இருப்பதால் வெட்டின் மேல் விளிம்பை மட்டும் பிடித்து வழுக்கும். வெட்டின் அகலம், நீளம், ஆழம் மூன்றும் நிரம்பும்படி முனையை அரத்தால் தட்டையாக ராவிக்கொள்ளுங்கள். மறுபக்க நட்டு கூடவே சுற்றினால் உடனே நிறுத்துங்கள், மரத்தின் துளை அகன்றுவிடும். ஸ்க்ரூ முனை நட்டின் மேல் தட்டிப் பரப்பப்பட்டிருந்தால், பரந்த விளிம்பை மட்டும் சிறு அரத்தால் எடுத்த பிறகே திருப்ப வேண்டும்.

ஸ்க்ரூ வந்ததும் கட்டையை நெம்பாதீர்கள். துளை வழியாக மரக்குச்சியால் மெல்லத் தட்டினால் வரும். இடது, வலது, மேல் ஸ்க்ரூ, கீழ் ஸ்க்ரூ என்று குறித்துக் கவரில் போடுங்கள்.

அரக்குவாசம்:
மர வேலைக்கு வருகிறேன். மெத்திலேட்டட் ஸ்பிரிட்டில் துணியை நனைத்துத் துடைத்தால் அரக்கு கரையும். கரையாவிட்டால் அது பெயின்ட் கடை வார்னிஷ், அதற்கு பெயின்ட் ரிமூவர். காஸ்டிக் சோடா கூடவே கூடாது, மரம் நார் நாராகும்.

அந்தக் கறுப்பு அழுக்கல்ல. மரத்தின் துவர்ப்பும் இரும்பும் ஈரத்தில் சேர்ந்த கறை, தேய்த்தால் போகாது. ஆக்ஸாலிக் அமிலம் வேண்டும்: அரை லிட்டர் வெதுவெதுப்பான நீரில் 25 கிராம், பிளாஸ்டிக் கிண்ணத்தில். விஷம், ஆகவே கையுறை போடுங்கள், தூளை மூக்கருகே கொட்டாதீர்கள். பிரஷால் கட்டை முழுக்கத் தடவுங்கள். கறை பட்ட இடத்தில் மட்டும் தடவினால் திட்டுத் திட்டாக வெளுக்கும். 20 நிமிடம் கழித்துக் கழுவி, ஒரு தேக்கரண்டி சமையல் சோடா கரைத்த நீரால் ஒருமுறை, பிறகு நல்ல தண்ணீர். அமிலம் மிஞ்சினால் கட்டையை மாட்டிய பின் இரும்பைத் தின்னும்.

அமுங்கல் நார் அறுந்த வெட்டாக இல்லாவிட்டால் எழும்பும். ஈரத்துணியை மடித்து வைத்து, சூடான இஸ்திரிப் பெட்டி முனையால் சில விநாடி. மூன்று நான்கு முறை செய்யலாம்.

பிறகு நிழலில் ஒரு வாரம். சித்திரை வெயிலில் முற்றத்தில் வைத்தால் வளையும், வெடிக்கும்.

தலைவாசல்:
நன்றி அண்ணே. காய்ந்த மரத்துக்குப் பூச ஆளிவிதை எண்ணெயில் பச்சையா, பாயில்டா?

அரக்குவாசம்:
பச்சை எண்ணெய்தான் பழைய ராணுவ வழக்கம், ஆனால் காய நாளாகும். ஐப்பசி மழையில் பிசுபிசுவென்றே இருக்கும். பாயில்டில் உலர்த்தி சேர்த்திருப்பதால் ஒரு பூச்சு ஒரு நாளில் காயும். முதல் பூச்சில் பாதிக்குப் பாதி டர்பன்டைன் கலந்து தடவி, 15 நிமிடம் கழித்து மிச்சத்தை அழுத்தித் துடையுங்கள். மூன்று பூச்சு போதும். துடைக்காமல் விட்டால்தான் கோந்தாகும்.

எண்ணெய்த் துணியைச் சுருட்டிப் போடாதீர்கள், தானாகவே தீப்பிடிக்கும். தண்ணீரில் முக்கி, விரித்துக் காயவைத்து எறியுங்கள்.

இரும்புச்சரக்கு:
மாட்டும் முன் இரும்பின் துருவை 0000 நம்பர் மெல்லிய ஸ்டீல் வுல்லும் சொட்டு எண்ணெயும் வைத்து எடுத்து, மெழுகு தடவுங்கள். ஸ்க்ரூவை மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்குங்கள். ஆட்டம் நின்றதும் விட்டுவிடுங்கள், இன்னும் ஒரு கால் சுற்றுதான் துளையோரம் விரிசல் விடும்.

இன்னொன்று தம்பி: 9 அங்குலத்துக்கு மேல் அலகுள்ள பயனெட் ஆயுத விதிகளில் ஐந்தாம் வகை. 1959 ஆயுதச் சட்டத்தின் 4-ஆம் பிரிவில் அறிவித்த பகுதிகளில் அதற்கு உரிமம் வேண்டும். கலெக்டர் ஆபீசில் கேட்டுக்கொள்ளுங்கள். திருப்பாச்சேத்தி அரிவாள் விவசாயக் கருவி என்று சொல்லிக்கொள்ளலாம், இதை அப்படிச் சொல்ல முடியாது.