செவ்வாய், வியாழன், சனி

குடும்பக் குழு: பெரிய வளவு
(நகரத்தார் வழக்கில் அப்பச்சி அப்பா, ஆத்தாள் அம்மா, ஆச்சி அக்கா, அயித்தை அத்தை, அம்மான் தாய்மாமன், அயித்தான் அக்காள் கணவர்)

சனி, மாலை 5.10
தேவகோட்டை அயித்தை: தம்பி, காலையிலிருந்து செல்பேசி வரைபடத்தில் உன் புள்ளி சியோனியை விட்டு நகரவே இல்லை. வண்டி பழுதா, உடம்பு முடியவில்லையா? ராமேசுவரத்திலிருந்து காசிக்கு நேர் ரயில் இருக்கிறது என்று தலைபாடாக அடித்துக்கொண்டேன். 63 வயதில் புல்லட் என்ன புல்லட்!

5.14
அம்மான்: அயித்தான், சங்கிலி தளர்ந்துவிட்டதா? 500 கி.மீ.க்கு ஒரு முறை எண்ணெய் விடச் சொன்னேனே. உபரி கிளட்ச் கேபிள் பக்கப் பெட்டியில் இருக்கிறது.

5.20
நான்: அப்பச்சி, செவ்வாய் முழுக்கக் கர்நூல். வியாழன் முழுக்க நிர்மல். இன்று சியோனி. நடு நாட்களில் மட்டும் 400 கி.மீ. ஓட்டுகிறீர்கள். என்ன கணக்கு இது?

5.21
தம்பி (சிங்கப்பூர்): ஆச்சி, கிழமையைப் பார்.

6.02
அப்பச்சி: வண்டிக்கும் ஒன்றுமில்லை, எனக்கும் ஒன்றுமில்லை. தூங்கிவிட்டேன். செவ்வாய்க் காலை கர்நூலில் பெட்டியைக் கட்டி, வண்டியை உதைத்துக் கிளப்பியும் ஆயிற்று. கிளம்ப மனம் வரவில்லை. ஆறு வருடமாக அந்த மூன்று கிழமையும் காலை ஏழு மணிக்கு உங்கள் ஆத்தாளை மதுரையில் டயாலிசிஸுக்கு விட்டுவிட்டு, நான்கு மணி நேரம் வெளிப் பெஞ்சில் உட்கார்ந்தவன். வேறு எங்கும் போய்ப் பழக்கமில்லை. விடுதி வாசலில் நாற்காலி போட்டுப் பதினொரு மணி வரை உட்கார்ந்திருந்தேன். பிறகு கிளம்பியிருக்கலாம்தான். ஆனால் வீடு திரும்பினால் அவள் அன்று முழுவதும் படுத்தே கிடப்பாள். நானும் படுத்துவிட்டேன்.

6.09
தேவகோட்டை அயித்தை: என் பேத்தி கல்யாணத்துக்குச் சென்னை வந்து, தாலி ஏறியதும் பந்திக்குக்கூட நிற்காமல் புறப்பட்டீர்கள். அப்போது எனக்கு மனத்தாங்கல்தான். இன்று சொல்கிறேன்.

6.10
அப்பச்சி: மறுநாள் சனி, ஆச்சி.

6.13
அப்பச்சி: ரயிலைக் கேட்டீர்களே. மதுரைச் சுற்றுச்சாலைக்கு வரும்போதெல்லாம், "இப்படியே நேராகப் போனால் காசியாமே?" என்பாள். உண்மைதான், பழைய 7ஆம் எண் நெடுஞ்சாலை அது, காசியிலிருந்து கன்னியாகுமரி வரை 2,369 கி.மீ. இப்போது எண்ணை மாற்றிவிட்டார்கள். ரயிலில் போனால் அந்தச் சாலை வராது.

6.20
அம்மான்: நேற்று பெஞ்ச் புலிகள் காப்பகத்துக் காட்டில், புலி மான் எல்லாம் அடியில் கடந்துபோக உயர்த்திக் கட்டிய சாலையில் எடுத்த படம் பார்த்தேன். டேங்க் மேலே இருப்பது எங்கள் ஆச்சியின் தண்ணீர் பாட்டில்தானே? நீலக் கோடு போட்டது?

6.24
அப்பச்சி: அதேதான். ஒரு நாளைக்கு அவள் குடிக்கலாம் என்று சொன்னது முக்கால் லிட்டர்தான். காபி, மோர், ரசம் எல்லாம் அதற்குள் அடக்கம். பித்துப் பிடித்து எடுத்து வந்தேன் என்று நினைக்காதீர்கள். வீட்டில் மூடி ஒழுகாத பாட்டில் அது ஒன்றுதான்.

6.26
தம்பி (சிங்கப்பூர்): கை மரத்துப்போகவில்லையா அப்பச்சி? பழைய புல்லட் அதிருமே.

6.41
அப்பச்சி: எண்பதைத் தாண்டினால் கூசுகிறது. அறுபதில் வேறு மாதிரி. டயாலிசிஸ் ஊசி போடுவதற்காக அவள் இடக்கையில் ரத்தக் குழாய்களை இணைத்து ஃபிஸ்டுலா வைத்த இடத்தைத் தினமும் எழுந்ததும் தொட்டுப் பார்ப்பேன். மடியில் படுத்த பூனை குர்ரென்பது போல உள்ளே ஓடும். அது நின்றால் அடைப்பு. உடனே மருத்துவரிடம் ஓட வேண்டும். அறுபதில் இடப்பக்கக் கைப்பிடி அப்படித்தான் இருக்கிறது. அதனால் அறுபதிலேயே போகிறேன். லாரிக்காரர்கள் ஏசுகிறார்கள்.

6.58
நான்: என் செல்பேசியில் அந்த மூன்று நாளும் நாலரை மணி அலாரம் இன்னும் அடிக்கிறது. உங்களைக் கூப்பிட்டு எழுப்ப வைத்தது.

6.59
அப்பச்சி: வியாழக்கிழமை விடியலில் கூப்பிட்டுவிட்டுப் பேசாமல் வைத்தாயே, அதுவா?

7.00
நான்: கை தவறிப் பட்டுவிட்டது.

7.01
அப்பச்சி: சரி. நான் விழித்துத்தான் இருந்தேன்.

7.10
தேவகோட்டை அயித்தை: வருகிற செவ்வாய் எங்கே?

7.12
அப்பச்சி: நாளை நர்மதையைத் தாண்டி ஜபல்பூர், ரீவா. திங்கள் இரவு காசியில் நகரத்தார் சத்திரம்.

7.15
தேவகோட்டை அயித்தை: சத்திரத்தில் நம் ஊர்ச் சாப்பாடு கிடைக்கும், வயிற்றைக் காயப்போடாதே. விசுவநாதருக்குப் பூசைப் பொருள்களோடு, "சம்போ" என்று முழங்கிக்கொண்டு அங்கிருந்து அன்றாடம் சம்போ ஊர்வலம் புறப்படும். அந்தக் குரல் கேட்டாலே சந்துக்காரர்கள் வழிவிடுவார்கள். பின்னாலேயே நடந்து போ. ஆனால் செவ்வாய் என்றால் நீதான் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவாயே.

7.21
அப்பச்சி: சாயங்காலமும் சம்போ உண்டல்லவா, ஆச்சி? பதினொரு மணிக்கு மேல்தானே அது.

7.22
அம்மான்: எண்ணெய் விட்டீர்களா, அதைச் சொல்லுங்கள்.

7.30
அப்பச்சி: இதோ, போகிறேன்.