வான்கூவர் ஸ்டைல் கேட்டு மேனுஸ்கிரிப்ட் திரும்பிவிட்டது, 62 ரெஃபரன்ஸை எப்படிச் சரிசெய்வது?

நிலவேம்பு_தரமணி:
நிலவேம்பு பற்றிய ரிவ்யூ கட்டுரை. ரிவ்யூவர் கைக்கே போகாமல் ஜர்னல் ஆபீஸிலிருந்து திரும்பிவிட்டது. காரணம்: ரெஃபரன்ஸ் வான்கூவர் முறையில் (உரையில் வரும் வரிசைப்படி எண் போடும் மருத்துவ இதழ் முறை) இல்லை, பத்திரிகைப் பெயர்கள் சுருக்கப்படவில்லை, சில ஆசிரியர் பெயர்கள் தவறு. மொத்தம் 62. தீசிஸுக்காக ஏபிஏ ஸ்டைலில் (ஆசிரியர் பெயர், ஆண்டு காட்டும் முறை) போட்டவை. 40 ஜொடெரோவில் (ரெஃபரன்ஸ்களைச் சேமித்து வேர்டில் செருகும் மென்பொருள்) இருக்கின்றன, மீதி 22 வேர்டில் கையால் அடித்தவை.

ஜொடெரோவில் ஸ்டைலை மாற்றினால் குப்பையாக வருகிறது. வேர்ல்டு ஹெல்த் ஆர்கனைசேஷன், 'ஆர்கனைசேஷன் டபிள்யூஹெச்' ஆகிவிட்டது. எஸ். வேல்முருகன் 'எஸ் வி' ஆகிவிட்டார். தாவரப் பெயர்களில் சாய்வெழுத்து இல்லை. டேபிளில் மட்டும் வரும் ரெஃபரன்ஸ்களுக்கு 55க்கு மேல் நம்பர் விழுகிறது, ஆனால் டேபிள் 1 பற்றிய பேச்சு மூன்றாம் பக்கத்திலேயே வந்துவிடுகிறது. சென்னையில் அச்சான பழைய தமிழ் நூல்கள் இரண்டும் உண்டு, அவற்றை எப்படிக் காட்டுவது? கோ-ஆத்தர், "வேர்டிலேயே திருத்திடலாம்" என்கிறார். வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பணும்.

பைப்பெட்_பித்தன்:
வேர்டில் கை வைக்காதீர்கள். ரெஃப்ரெஷ் அழுத்திய மறுகணம் நீங்கள் திருத்தியது எல்லாம் பழையபடி ஆகிவிடும். ஸ்டைல் ஒழுங்காகத்தான் வேலை செய்கிறது, அதற்குக் கொடுத்த தகவல்தான் கோளாறு. திருத்த வேண்டிய இடம் ஜொடெரோ லைப்ரரி.

முதலில் கையால் அடித்த 22. அவற்றை அப்படியே காப்பி செய்து கிராஸ்ரெஃப் தளத்தின் சிம்பிள் டெக்ஸ்ட் க்வெரியில் ஒட்டினால் டிஓஐ எண்களை, அதாவது ஒவ்வொரு கட்டுரைக்கும் உரிய நிரந்தர அடையாள எண்களைத் தரும். அந்த எண்களை ஜொடெரோவின் மந்திரக்கோல் பட்டனில் போடுங்கள். கூகுள் ஸ்காலரிலிருந்து இறக்கவே வேண்டாம், பாதி நேரம் டிஓஐ இருக்காது, பெயர்களும் அரைகுறையாக வரும். பிறகு வேர்டில் கையால் அடித்த எண்ணை அழித்துவிட்டு, அதே இடத்தில் ஜொடெரோ சைட்டேஷனைச் செருகுங்கள். அலுப்பான வேலைதான், ஒரு மாலைப்பொழுது போய்விடும்.

அடுத்து பெயர்கள். நம்மூர்ப் பெயருக்குக் குடும்பப்பெயர் கிடையாது, இனிஷியல்தான். பதிப்பகத்தின் படிவமோ 'கடைசிப் பெயர்' கேட்கும், யாராவது அதில் 'எஸ்' என்று போட்டுவிடுவார்கள். அதே தகவல்தான் கிராஸ்ரெஃப் வழியாக உங்களிடம் வருகிறது. கடைசிப் பெயர் கட்டத்தில் வேல்முருகன், முதல் பெயர் கட்டத்தில் எஸ் என்று மாற்றினால் 'வேல்முருகன் எஸ்' என்று சரியாக விழும். எது இனிஷியல் என்று சந்தேகம் வந்தால் அந்தக் கட்டுரையின் பிடிஎஃப் முதல் பக்கத்தைப் பாருங்கள், ஊகிக்காதீர்கள். டபிள்யூஹெச்ஓ, ஐசிஎம்ஆர் போன்ற அமைப்புகளுக்குப் பெயர்க் கட்டத்தின் ஓரத்தில் உள்ள பட்டனை அழுத்தி ஒற்றைக் கட்டமாக்குங்கள். இரண்டு கட்டமாக இருக்கும்வரை அதை ஒரு ஆள் என்றே நினைத்து இனிஷியல் போடும்.

தாவரப் பெயருக்கு: தலைப்புக் கட்டத்தில் நிலவேம்பின் அறிவியல் பெயரான ஆண்ட்ரோகிராஃபிஸ் பேனிகுலேட்டா என்ற இரு சொற்களையும் ஹெச்டிஎம்எல் சாய்வெழுத்து டேகுக்குள் போடுங்கள், அதாவது கோணக்குறிக்குள் சின்ன 'ஐ' எழுத்து, முடிவில் சாய்கோட்டோடு அதே டேக். தலைப்புகளை சென்டென்ஸ் கேஸில் வையுங்கள். ரைட் கிளிக் செய்தால் டிரான்ஸ்ஃபார்ம் டெக்ஸ்ட் வரும். மாற்றியபின் ஊர்ப்பெயர், பேரினப் பெயர் எல்லாம் சின்ன எழுத்தாகிவிட்டனவா என்று ஒரு பார்வை பாருங்கள்.

பத்திரிகைச் சுருக்கத்துக்கு, வேர்டில் டாக்குமென்ட் ப்ரிஃபரன்சஸ் திறந்து மெட்லைன் சுருக்கம் என்ற கட்டத்தை டிக் செய்யுங்கள். அதை டிக் செய்தால் நீங்கள் ஜொடெரோவில் கையால் போட்ட சுருக்கங்களைக் கண்டுகொள்ளாது என்பது நினைவிருக்கட்டும். சுருக்கங்களை என்எல்எம் (அமெரிக்க தேசிய மருத்துவ நூலகம்) கேட்டலாகில் சரிபார்க்கலாம். பலரும் தவறுவது இங்கேதான்: இந்தியன் ஜர்னல் ஆஃப் மெடிக்கல் ரிசர்ச்சுக்கு 'இந்தியன் ஜே மெட் ரெஸ்' என்பதே சுருக்கம், 'இண்ட் ஜே' அல்ல. நேச்சர், சயின்ஸ் போன்ற ஒற்றைச்சொல் பெயர்களுக்குச் சுருக்கமே இல்லை.

கன்னிமாரா_வாசகி:
டேபிள் விஷயம்: டேபிளில் மட்டும் வரும் ரெஃபரன்ஸ், அந்த டேபிள் உரையில் முதலில் சுட்டப்படும் இடத்தை வைத்தே எண் பெற வேண்டும். ஐசிஎம்ஜேஈ (மருத்துவ இதழ் ஆசிரியர்களின் சர்வதேசக் குழு) பரிந்துரை அதுதான். ஜொடெரோவுக்கு இது தெரியாது, ஃபைலில் எந்த வரிசையில் இருக்கிறதோ அந்த வரிசையில் எண் போடும். டேபிள்கள் கடைசியில் இருப்பதால் கடைசி எண்கள். டேபிளை வெட்டி, 'டேபிள் 1' என்று முதலில் எழுதிய பத்திக்குக் கீழே ஒட்டி ரெஃப்ரெஷ் செய்யுங்கள். எல்லாம் முடிந்து அன்லிங்க் செய்தபின் (ஜொடெரோ இணைப்பைத் துண்டித்து எண்களைச் சாதாரண எழுத்தாக்கியபின்) திரும்பக் கடைசிக்கு நகர்த்தலாம்.

தமிழ் நூலுக்கு வான்கூவரில்: தலைப்பு ரோமன் எழுத்தில், பின் சதுர அடைப்பில் ஆங்கில மொழிபெயர்ப்பு, பதிவின் இறுதியில் மொழி 'தமிழ்' என்று. ஒலிபெயர்ப்புக்கு ஒரே முறையை இரண்டு நூலுக்கும் கையாளுங்கள், ஒன்றில் 'ழ'வுக்கு இசட்-ஹெச், இன்னொன்றில் எல் என்று வேண்டாம்.

பதிப்பூர்: ஆங்கிலத்தில் ஊர்ப்பெயர் சென்னை ஆனது 1996-இல். அதற்காக மெட்ராஸ் என்று அச்சான பதிவுகளையெல்லாம் ஃபைண்ட்-ரீப்ளேஸ் போட்டு மாற்றக் கூடாது. தலைப்புப் பக்கத்தில் உள்ளபடியே. ஆனால் தமிழ்த் தலைப்புப் பக்கம் அதற்கு முன்பும் 'சென்னை' என்றுதானே சொல்லும்? அப்போது சென்னை என்றே எழுதலாம், பிழையில்லை.

ஆண்டு தமிழ் வருஷப் பெயராக மட்டும் இருந்தால் கவனம். 'ஆங்கிரச' என்றால் 1932–33 ஆகலாம், 1872–73 ஆகவும் 1992–93 ஆகவும் இருக்கலாம். முன்னுரைத் தேதியையோ அச்சக விவரத்தையோ பார்த்து முடிவு செய்யுங்கள். மாதமும் இருந்தால் தையிலிருந்து பங்குனி வரை பெரும்பாலும் பின் ஆண்டு.

நிலவேம்பு_தரமணி:
பெயர்கள், டேபிள் இரண்டும் சரியாகிவிட்டன, நன்றி. இப்போது ஒரே இடத்தில் [3][4][5] என்று தனித்தனியாக வருகிறது. [3–5] என்று வர வேண்டும்.

பைப்பெட்_பித்தன்:
மூன்று தடவை தனித்தனியாகச் செருகியிருக்கிறீர்கள். இரண்டை அழித்துவிட்டு, மிஞ்சியதைக் கிளிக் செய்து அதே பெட்டிக்குள் மற்ற இரண்டையும் சேருங்கள். கோடு தானாக வரும்.

கோட்டூர்புரம்_டெஸ்க்:
அனுப்பும் முன் இரண்டு. ஜொடெரோவில் எந்தப் பதிவிலாவது சிவப்புப் பட்டையில் 'ரிட்ராக்டட்' (திரும்பப் பெறப்பட்ட கட்டுரை) என்று காட்டுகிறதா பாருங்கள், அப்படிப்பட்ட கட்டுரைகளைத் தொகுக்கும் ரிட்ராக்ஷன் வாட்ச் தரவிலிருந்து அது வருகிறது. மூலிகை ரிவ்யூ என்றால் கட்டாயம் பாருங்கள். இரண்டாவது, ஃபைலை வேறு பெயரில் சேமித்து அந்தப் பிரதியில் மட்டும் அன்லிங்க் சைட்டேஷன்ஸ் அழுத்துங்கள். தமிழ் நூல்களின் இறுதியில் மொழிப் பெயரை அப்போது கையால் சேருங்கள். மூல ஃபைல் அப்படியே இருக்கட்டும், ரிவ்யூவர் இன்னும் நாலு பேப்பர் சேர்க்கச் சொல்வார்.